கலப்பை முறிந்தால் கொழுவையும் எறிவதா?

சிதறால் மலைமேல் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் வெட்டிய எழுத்து அங்கே பாறையில் இருக்கிறது. சமணத் துறவிகள் தங்கியிருந்த மலை அது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் மழையும் வெயிலும் பட்டும் அந்த எழுத்து நிற்கிறது. வட்டெழுத்துத் தெரிந்தவர் இன்றும் அதைப் படிக்கலாம்.

சென்ற ஐப்பசியில் அந்த மலையின் அடிவாரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். குடும்பத் தலைவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அவர் மனைவி முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிறார். தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துக் கிடக்கின்றன. இருவர் கூலியிலும் மிச்சம் பிடித்து, பத்து ஆண்டுகளுக்கு முன் மூத்த மகனின் படிப்புக்காகத் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். மகன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான். இப்போது கல்லூரிக்குப் போகும் மகள் அதில்தான் பாடம் பழகி வந்தாள். ஓர் இரவு மின்னல் வெட்டியது. கம்ப்யூட்டர் அணைந்தது, பிறகு எழவில்லை.

பக்கத்து டவுனில் பழுது பார்க்கும் தம்பி நேர்மையானவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, போர்டு போச்சு. சிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தச் சிப்புக்கு உள்ள போர்டு இப்ப கம்பெனியில இருந்து வாறதில்ல. புதுப் போர்டு வாங்கினா புதுச் சிப்பும் வாங்கணும். பழைய ரேமும் அதுல சேராது."

"பின்ன, நல்லா இருக்கிற சாமானை நான் என்ன செய்யணும்?"

"பழைய சாமான் கடையில எடை போட்டு எடுப்பாங்க, அண்ணே."

கணக்குப் பார்த்தார்கள். போர்டு, சிப், ரேம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று மாத வெட்டுக் கூலி. மின்னல் எரித்தது ஒன்றை, செலவு மூன்றுக்கு! இது எந்த ஊர் நியாயம்? இந்தச் சட்டத்தை எழுதியது யார்? இந்தக் கேள்வியோடு நாம் மலையடிவாரத்திலிருந்து திரும்பினோம். தொழிலாளித் தோழர்கள் முன் அதை இங்கே வைக்கிறோம்.

மூளையும் மேடையும்

கம்ப்யூட்டர் என்றதும் நம் தோழர்கள் பலர், 'அது படித்தவர் சமாசாரம்' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. விஷயம் கலப்பையைப் போல எளியது.

கணக்குப் போடும் மூளை ஒரு சிறு சில்லு. தீப்பெட்டியின் முகப்பளவுதான் இருக்கும். அதற்குப் பிராசசர் என்று பெயர். கடையில் சிப் என்பார்கள். அது தனியே இயங்காது. மதர்போர்டு என்கிற பலகையில், அதற்கென்று அமைத்த குழியில் உட்கார வேண்டும். அந்தக் குழிதான் சாக்கெட். பலகை சிப்புக்கு மின்சாரம் கொடுக்கிறது. ரேம் என்கிற நினைவுச் சில்லையும் மற்ற உறுப்புகளையும் அதோடு சேர்த்துவைக்கிறது. சிப்பின் அடியில் நூற்றுக்கணக்கான தொடுபுள்ளிகள் உண்டு. இன்டெல் கம்பெனியின் எல்.ஜி.ஏ. 1700 என்ற சாக்கெட்டில் 1,700 புள்ளிகள், எல்.ஜி.ஏ. 1851-ல் 1,851. எண்ணிக்கையையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.5 சாக்கெட்டில் 1,718. ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றில் உட்காராது.

நாஞ்சில் நாட்டு உழவனைக் கேளுங்கள். கொழு தேய்ந்தால் கொழுவை மாற்றுகிறான். கலப்பை மரம் முறிந்தால், நல்ல கொழுவைக் கழற்றிப் புது மரத்தில் பூட்டுகிறான். ஆரல்வாய்மொழி நூற்பாலைத் தொழிலாளியைக் கேளுங்கள். ஒரு கதிர் பழுதானால் கதிரை மாற்றுகிறோம். ரிங் பிரேமையே இரும்பு விலைக்குப் போடுகிறோமா? ஊர்க் கொல்லன் ஒருவன், 'என் கொழு என் கலப்பைக்கு மட்டுமே சேரும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை துளையையும் மாற்றிவிடுவேன்' என்று சொன்னால் ஊரார் அவனிடம் இரண்டாம் முறை போவார்களா? வேறு கொல்லனைத் தேடுவார்கள். ஆனால் உலகம் முழுவதற்கும் இரண்டே கொல்லர்கள் இருந்தால்?

மேஜைக் கம்ப்யூட்டர் சிப்பில் நிலைமை இதுதான். ஒன்று இன்டெல், 1968-ல் தொடங்கியது. மற்றொன்று ஏ.எம்.டி., 1969 மே 1-ம் தேதி தொடங்கியது. மே தினத்தன்று பிறந்த கம்பெனி என்பதற்காக யாரும் ஏமாந்துவிட வேண்டாம்! இரண்டும் அமெரிக்க முதலாளிகளின் கம்பெனிகளே.

ஒரே குழியில் பல கம்பெனிச் சிப்

'சாக்கெட் மாறுவது விஞ்ஞான வளர்ச்சி. அதற்கு நாங்கள் என்ன செய்வது?' என்று கம்பெனிக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1980-களின் தொடக்கத்தில், ஐ.பி.எம். என்ற மாபெரும் கம்பெனி சிறு கம்ப்யூட்டர் விற்கத் தொடங்கியது. சிப் இன்டெலுடையது. ஆனால் ஐ.பி.எம். ஒரு நிபந்தனை போட்டது: ஒரே கம்பெனியை நம்பி நாங்கள் இருக்க மாட்டோம், அதே சிப்பை இன்னொருவரும் செய்து தர வேண்டும். இன்டெல் பணிந்தது. 1982-ல் ஏ.எம்.டி.யோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏ.எம்.டி. இந்தத் தொழிலில் ஊன்றிய கதை இதுதான். வாங்குகிறவன் கை பலமாக இருந்தால் விற்கிறவன் இறங்கி வருவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடுத்து 1990-களின் நடுவில் சாக்கெட் 7 என்று ஒன்று வந்தது. அதிசயமாக இருக்கும், கேளுங்கள். இன்டெலின் பென்டியம் அதில் உட்கார்ந்தது. ஏ.எம்.டி.யின் கே5, கே6 சிப்புகளும் அதே குழியில் உட்கார்ந்தன. சைரிக்ஸ் என்ற மூன்றாவது கம்பெனியின் சிப்பும் உட்கார்ந்தது. போர்டு ஒன்று, சிப் எவருடையதும் ஆகலாம். போர்டு தாங்கும் சிப்பாக இருந்தால் போதும். வாங்குகிறவன் விலை பார்த்து வாங்கினான்.

பொறுக்குமா முதலாளிக்கு? 1997-ல் இன்டெல் பென்டியம் 2 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதை சாக்கெட் 7-ல் வைக்க முடியாது. ஸ்லாட் 1 என்ற புது இருக்கை. அதன்மேல் காப்புரிமை வேலி. பிறர் உள்ளே வர முடியாது. 1999-ல் ஏ.எம்.டி. ஸ்லாட் ஏ என்று தனக்கொரு இருக்கை செய்துகொண்டது. வெளித்தோற்றத்தில் இரண்டு ஸ்லாட்டின் இணைப்பும் ஒன்றே. ஆனால் ஒன்றில் மற்றது இயங்காது. பொதுக் கிணற்றை மூடிவிட்டு, ஆளுக்கொரு கிணறு வெட்டி, ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். மின்னல் விழுந்த சிதறால் வீட்டுக் கம்ப்யூட்டரின் நல்ல சிப் எடைக்குப் போவதற்கான அடிப்படை அன்று போடப்பட்டது.

போட்டி என்ற பேச்சு

'இரண்டு கம்பெனி போட்டி போடுகிறது. போட்டியால் ஜனங்களுக்கு லாபம்' என்பது அவர்களது அடுத்த வாதம். இதையும் தராசில் வைப்போம்.

2007-ல் நான்கு கரு கொண்ட சிப்பைச் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கு இன்டெல் விற்றது. ஒரு கரு என்பது ஒரு கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017-லும் அந்த வரிசையில் நான்கு கணக்கப்பிள்ளைகள்தான். பத்து வருஷம்! அந்த ஆண்டுகளில் ஏ.எம்.டி. தளர்ந்து கிடந்தது. எதிரி தளர்ந்தபோது விஞ்ஞானமும் தூங்கிவிட்டதா? 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. எட்டுக் கருவோடு ரைசன் என்ற சிப்பை இறக்கியது. அதே அக்டோபரில் இன்டெல் ஆறு கருச் சிப்போடு ஓடிவந்தது. பத்து ஆண்டு வராத வளர்ச்சி ஏழு மாதத்தில் வந்தது!

ஓடிவந்தபோதும் கைவரிசையை விடவில்லை. அந்தப் புதுச் சிப்பின் சாக்கெட் பெயர் எல்.ஜி.ஏ. 1151. இரண்டு ஆண்டுக்கு முன் விற்ற போர்டின் சாக்கெட்டும் அதே 1151. குழி ஒன்றே, சிப் கச்சிதமாக உட்காரும். ஆனால் இயங்காது. புது 300 வரிசைப் போர்டு வாங்கியே தீர வேண்டும் என்றார்கள். ஆறு கருவுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பிறகு நடந்தது என்ன? ஆர்வமுள்ள சிலர் சில புள்ளிகளை மறைத்து, போர்டின் உள் மென்பொருளைத் திருத்தி, பழைய போர்டிலேயே அந்தப் புதுச் சிப்புகளை ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

அதற்கு முந்திய கதை ஒன்றும் உண்டு. 2009-ல் ஐரோப்பியக் கமிஷன் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டது. எங்கள் சிப்பையே வாங்கினால் தள்ளுபடி என்று கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகளுக்குச் சலுகை கொடுத்தது ஒரு குற்றச்சாட்டு, ஏ.எம்.டி. சரக்கு வெளிவருவதைத் தாமதப்படுத்தப் பணம் கொடுத்தது மற்றொன்று. தள்ளுபடி பற்றிய பகுதி பிற்காலத்தில் நீதிமன்றங்களில் ரத்தாயிற்று. பணம் கொடுத்துத் தாமதப்படுத்திய பகுதி நின்றது. அதற்காக 2023-ல் கமிஷன் மறுபடி அபராதம் போட்டது. 2009 நவம்பரிலேயே இன்டெல் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டது. கொடுத்தது ஒரு முதலாளி. வாங்கியது இன்னொரு முதலாளி. அதிக விலை கொடுத்து வாங்கிய ஜனங்களுக்கு அதில் ஒரு காசு வந்ததா?

ஏ.எம்.டி. உத்தமக் கம்பெனியா?

சிலர் சொல்வார்கள்: இன்டெல் 2015-லிருந்து 2024-க்குள் 1151, 1200, 1700, 1851 என்று நான்கு சாக்கெட் மாற்றிற்று, ஏ.எம்.டி. அதே காலத்தில் ஏ.எம்.4, ஏ.எம்.5 என்று இரண்டோடு நின்றது, எனவே ஏ.எம்.டி.யே ஏழை பங்காளன். இது பாதி உண்மை. மீதியையும் பார்ப்போம்.

2020 மே மாதம். ஏ.எம்.டி. கை ஓங்கியிருந்த நேரம். வரப்போகும் புதுச் சிப், முந்திய 400 வரிசைப் போர்டுகளில் இயங்காது என்று அது அறிவித்தது. சாக்கெட் அதே ஏ.எம்.4-தான். போர்டின் உள் மென்பொருள் வைக்கும் இடம் போதாது என்று காரணம். வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பல நாடுகளிலிருந்தும் கண்டனம் எழுந்தது. இரண்டே வாரத்தில் கம்பெனி பின்வாங்கிற்று. 400 வரிசைப் போர்டுகளிலும் இயங்கச் செய்வோம் என்றது. இரண்டு வாரத்தில் இடம் எங்கிருந்து முளைத்தது? அந்த ஆண்டு நவம்பரில் வந்த அந்தச் சிப்புகளுக்கு விலையை 50 டாலர் ஏற்றவும் அது தயங்கவில்லை.

அதைவிடப் பழைய 300 வரிசைப் போர்டு வைத்திருந்தவர்களை அப்போதும் வெளியே நிறுத்திவிட்டார்கள். 2021 இறுதியில் இன்டெலின் 12-வது தலைமுறைச் சிப் வந்து ஏ.எம்.டி.யின் வியாபாரத்தை நெருக்கிற்று. 2022 வசந்தத்தில் 300 வரிசைப் போர்டுகளுக்கும் கதவு திறந்தது. ஆக, முடியாது என்றது முடிந்தது. நெருக்கடி வந்ததும் முடிந்தது.

இதிலிருந்து தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பின்தங்கியிருக்கும் கம்பெனி சலுகை தரும். முந்திவிட்டால் கதவை அடைக்கும். போட்டி சில சமயம் நமக்கு மூச்சு விட இடம் தருகிறது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் அந்த இடம் நிலைப்பதில்லை. 2020-ல் நிலைத்த பலன் கிடைத்தது வாங்கியவர்கள் சேர்ந்து குரல் கொடுத்ததால்தான்.

வருகிற தலைமுறைகள்

இப்போது கடைகளில் மறுபடியும் 'புதுத் தலைமுறை' பேச்சு. இன்டெல் 2024 அக்டோபரில் எல்.ஜி.ஏ. 1851 சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 2026 இறுதியில் நோவா லேக் என்ற அடுத்த சிப் என்று அறிவித்திருக்கிறது. அதற்கு மறுபடி வேறு சாக்கெட் என்று வர்த்தகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அப்படியானால் 1851 போர்டு வாங்கியவர் கதி? ஏ.எம்.டி.யோ, ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பின்னும் வைத்திருப்போம் என்று 2024-ல் வாக்குக் கொடுத்தது. வாக்கு நல்லதுதான். 2020-ஐ மறக்காமல் வைத்துக்கொள்வோம்.

தலைமுறை எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 14-வது தலைமுறை என்று இன்டெல் 2023-ல் மேஜைக் கம்ப்யூட்டருக்கு விற்றது பெரும்பாலும் 13-வது தலைமுறையின் மறுபதிப்பு. அந்த இரண்டு தலைமுறைகளின் உயர்ரகச் சிப்புகளிலும் மின்னழுத்தக் கோளாறு இருப்பது 2024-ல் வெளிப்பட்டு, கம்பெனி உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்ட நேர்ந்தது.

உத்தரவாதம் என்றதும் இன்னொன்று. பெட்டியில் அடைத்து விற்கும் சிப் பழுதானால், இந்தியாவிலுள்ள அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர் வழி வாங்கியதற்கு மட்டுமே இங்கே உத்தரவாதம் என்று இன்டெல் 2016-ல் இந்தியாவுக்கென்று தனி விதி செய்தது. இது பற்றிய புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2019-ல் விசாரணைக்கு உத்தரவிட்டது. விற்பதற்கு உலகமெல்லாம் ஒரே சந்தை. பழுதுக்குப் பொறுப்பேற்க மட்டும் எல்லைக்கோடு!

சிப்பும் போர்டும் போதாதென்று ரேமும் வந்து சேர்கிறது. ஏ.எம்.5, 1851 இரண்டும் டி.டி.ஆர்.5 என்ற புது ரேமையே ஏற்கும். அதன் விலை 2025 கடைசியில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிற்று. ஏன்? உலக ரேம் உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள் கையில். செயற்கை நுண்ணறிவுக்காக அமெரிக்கப் பணக்காரக் கம்பெனிகள் கட்டும் ராட்சதக் கம்ப்யூட்டர் நிலையங்கள் எவ்வளவு விலையும் கொடுக்கத் தயார். சரக்கு அங்கே திரும்பிவிட்டது. சில்லறைக் கடைக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

நல்ல போர்டும் நல்ல சிப்பும் வைத்திருப்பவருக்கு மைக்ரோசாப்ட் இன்னொரு பூட்டுப் போட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதி முடித்தது. விண்டோஸ் 11-ஐ இன்டெலின் 8-வது தலைமுறைக்கு முந்திய சிப்புகளில் அது அங்கீகரிப்பதில்லை. ஓடுகிற கம்ப்யூட்டரை ஓடாததாக்க ஒரு காகித உத்தரவு போதும்!

சண்டை இருவருக்கு, பட்டறை ஒன்று

இன்டெல் பெரிதா, ஏ.எம்.டி. பெரிதா என்று நம் வாலிபர்கள் சினிமா நட்சத்திரங்களுக்காகச் சண்டை போடுவதுபோலச் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. ஏ.எம்.டி.க்குச் சொந்தச் சிப் ஆலை இல்லை. 2009-லேயே அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அதன் புதுச் சிப்புகளின் கருக்களைத் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலை செய்து தருகிறது. 2024-ல் வந்த இன்டெலின் 1851 சிப் இருக்கிறதே, அதில் கணக்குப் போடும் கரு எங்கே செய்தது? அதே டி.எஸ்.எம்.சி.யில்! விளம்பரத்தில் ஜென்ம விரோதிகள். பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேஜை.

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போங்கள். 1972-ல் அங்கே பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் முதலில் ஆலை வைத்த எட்டு அந்நியக் கம்பெனிகளில் இன்டெலும் உண்டு, ஏ.எம்.டி.யும் உண்டு. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் பூதக்கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துச் சிப்புகளுக்கு மயிரிழைக் கம்பி இணைத்தார்கள். மின்னணுத் தொழிலாளருக்கு நாடு தழுவிய ஒரு சங்கம் அமைக்கும் உரிமை அங்கே பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டது. சங்கம் வேண்டாம் என்பதில் போட்டிக் கம்பெனிகளுக்குள் பேதம் இருந்ததில்லை.

நம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது? ரேம் உற்பத்தியில் பேர்பெற்ற அதே சாம்சங்கின் டி.வி., குளிர்பெட்டி ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்வதும் அவர்களது முக்கியக் கோரிக்கை. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

இன்டெல் 2024 ஆகஸ்டில் ஏறக்குறைய 15,000 பேரை ஆட்குறைப்புச் செய்வதாக அறிவித்தது. 2025-லும் வெட்டு தொடர்ந்தது. நிர்வாகத்தின் தவறான கணக்குக்குத் தண்டனை ஆலைத் தொழிலாளிக்கும் இஞ்சினியருக்கும். வெளியே வாங்குகிறவன் இழக்கிறான். உள்ளே செய்கிறவன் இழக்கிறான்.

யந்திரத்துக்கு நாம் விரோதிகளா?

'நீங்கள் வளர்ச்சியே வேண்டாம் என்கிறீர்களா?' என்று கேட்பார்கள். இல்லை. வேகமான ரேம் வந்தால் போர்டில் புது வழி வேண்டும் என்பது நியாயமே. அதிக மின்சாரம் இழுக்கும் சிப்புக்குப் பலமான போர்டு வேண்டும் என்பதும் நியாயமே. டி.டி.ஆர்.4-லிருந்து டி.டி.ஆர்.5-க்குப் போவதைப் பழைய குழியிலேயே செய் என்று எவரும் கேட்கவில்லை. அந்த மாற்றத்திலும் எல்.ஜி.ஏ. 1700-க்கு இரண்டு வகைப் போர்டும் விற்றார்கள். பழைய ரேம் வைத்திருந்தவர் அதையே போட்டுக்கொள்ள முடிந்தது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

நாம் கேட்பது வேறு. எந்த மாற்றம் விஞ்ஞானத்தின் தேவை, எது விற்பனையின் தேவை என்பதைக் கம்பெனியே முடிவு செய்து கம்பெனியே தீர்ப்பும் எழுதலாமா? 1,151 புள்ளிக் குழியில் 1,151 புள்ளிச் சிப் இயங்காதபோது கேட்க ஆளில்லை என்ற நிலை நீடிக்கலாமா?

பொது அளவு என்பது கனவல்ல. கைப்பேசிச் சார்ஜரைப் பாருங்கள். கம்பெனிக்கு ஒரு முனை என்று இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதுக் கைப்பேசிகளுக்கு யு.எஸ்.பி. சி என்ற ஒரே முனை. வளர்ச்சி நின்றுவிடும் என்று முணுமுணுத்த ஆப்பிள் கம்பெனியும் 2023-லேயே அந்த முனைக்கு மாறிவிட்டது. வளர்ச்சி நின்றா போயிற்று?

நாம் கேட்பது

முதலாவது: சர்க்கார் பெரிய வாங்குவோன். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பள்ளி ஆய்வகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் மேஜைக் கம்ப்யூட்டர்கள் வாங்கப்படுகின்றன. 1982-ல் ஐ.பி.எம். என்ற ஒரு தனியார் கம்பெனி போட முடிந்த நிபந்தனையை, கோடிக்கணக்கான ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கும் சர்க்கார் ஏன் போடக்கூடாது? இத்தனை ஆண்டுகளுக்கு மாற்றுப் போர்டு கிடைக்கும், உதிரி உறுப்பு கிடைக்கும், உள் மென்பொருள் கிடைக்கும் என்று எழுதிக் கொடுப்பவருக்கே ஆர்டர் என்று டெண்டரில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது: பழுது பார்க்கும் உரிமை. மத்திய சர்க்கார் 2022-ல் இதற்கு ஒரு கமிட்டி அமைத்தது. அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. இணையதளம் போர்டு தராது. ஒரு சாக்கெட்டை நிறுத்தினால் அதன் பின் இத்தனை ஆண்டுகள் போர்டு விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும்.

மூன்றாவது: பொதுச் சொத்தாக இருக்கும் வடிவமைப்புகளை வளர்க்க வேண்டும். ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைமுறையை எவரும் காப்புரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் சக்தி என்ற பிராசசரை வடித்தார்கள். 2018-ல் முதல் சிப்புகள் வந்தன. மொகாலியிலுள்ள அரசுச் சிப் ஆலையிலும் அது செய்யப்பட்டது. நம் வீட்டு மேஜைக்கு வர அது இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். நடக்கப் பணமும் ஆலையும் கொடுப்பது சர்க்காரின் கடமை.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது உண்டு. வாங்கும்போது, 'எத்தனையாவது தலைமுறை?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இந்தச் சாக்கெட் எப்போது வந்தது? இதில் அடுத்த சிப் சேருமா? எந்த ரேம்? போர்டு போனால் வேறு போர்டு எங்கே கிடைக்கும்?' என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விண்டோஸ் கைவிட்டால் கம்ப்யூட்டரைக் கைவிட வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்கள். கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் விலையில்லாத லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். பழைய யந்திரத்திலும் அது ஓடும்.

சிதறால் வீட்டுக்கு என்ன ஆயிற்று? அந்தத் தம்பி விடவில்லை. தெரிந்த பழுது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். ஒரு மாதம் கழித்து, மூடிப்போன ஓர் அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து அதே சாக்கெட் போர்டு ஒன்று கிடைத்தது. நல்ல சிப்பும் பழைய ரேமும் அதில் ஏறின. லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். மூன்று மாதக் கூலி கேட்ட வேலை நான்கு நாள் கூலியில் முடிந்தது. மகள் மறுபடி பாடம் பழகுகிறாள்.

ஒரு நேர்மையான தம்பியின் அலைச்சலால் ஒரு வீடு தப்பிற்று. அடுத்த ஐப்பசியில் மின்னல் எந்த வீட்டில் விழுமோ? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தம்பி கிடைப்பானா? சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை அழைத்துவந்து பேசச் சொல்லுங்கள். மடிக்கணினி டெண்டரில் உதிரி உறுப்புக்கும் மாற்றுப் போர்டுக்கும் உத்தரவாதம் உண்டா என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேளுங்கள். 2020-ல் சில ஆயிரம் பேர் கேட்டதற்கே ஒரு கம்பெனி இரண்டு வாரத்தில் இறங்கி வந்தது. நாம் கேட்போம்.